மைதானமும் மூலதனமும்: மலையகக் கல்லூரிகளில் மெய்வல்லுநர் விளையாட்டும் அதன் நிதியும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ சரித்திரமோ பேசுவது நம்மிடையே வழக்கம். நான் விளையாட்டைப் பற்றியும், அதற்கு வேண்டிய பணத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். மலையகத்தின் கல்வி குறித்து நூல்கள் எழுதப்பட்டுள்ளன. சித்தி வீதம், ஆசிரியர் பற்றாக்குறை, பல்கலைக்கழக அனுமதி ஆகியன மேடைதோறும் பேசப்படுகின்றன. ஆயின், ஒரு கல்லூரி தன் மாணவரின் தேகத்தைப் பேணி வளர்ப்பதற்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு ஒதுக்குகிறது, அப்பணம் எங்கிருந்து வருகிறது, எவர்மீது செலவாகிறது என்னும் வினாக்களை நாம் பொதுவில் எழுப்பியதில்லை. விளையாட்டுக்கான பணம் ஆண்டுதோறும் வீடுவீடாகவும் கடைகடையாகவும் சென்று கேட்டுப் பெறும் நன்கொடையாக இருக்குமளவும் நம் இளைஞரின் திறமை தற்செயலின் வசமே கிடக்கும். நிலையான வருவாயும் வெளிப்படையான கணக்கும் உடைய ஒரு நிதியாக அது மாறவேண்டும். அம்மாற்றம் ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிகளிலிருந்து தொடங்கவேண்டும். இன்று நான் உங்கள்முன் நிலைநாட்ட விரும்பும் கருத்து இதுவே.

முதலில் உலகின் பிறிதோரிடத்து அனுபவத்தை நோக்குவோம். அமெரிக்க நாட்டில் சமூகக் கல்லூரிகள் என வழங்கும் ஸ்தாபனங்கள் உள்ளன. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரியே அவற்றுள் மூத்தது என்பர். வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாத, பெரும் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தைச் செலுத்தவியலாத தொழிலாளர், சிறு விவசாயிகள், குடியேறியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்காக, உள்ளூர் மக்களின் வரிப்பணத்தையும் மாநில அரசின் உதவியையும் கொண்டு நடத்தப்படுபவை அவை. இத்தகைய எளிய கல்லூரிகளும் விளையாட்டைக் கைவிடவில்லை. 1938ஆம் ஆண்டில் அவை தமக்கென ஒரு தேசிய விளையாட்டுச் சங்கத்தை அமைத்துக்கொண்டன. அச்சங்கம் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது: முதற்பிரிவினர் விளையாட்டு வீரருக்குக் கட்டணம், உறைவிடம், உணவு யாவும் வழங்கலாம், இரண்டாம் பிரிவினர் கட்டணமும் புத்தகமும் மட்டும் வழங்கலாம், மூன்றாம் பிரிவினர் விளையாட்டின்பொருட்டு எவ்வித உதவித்தொகையும் வழங்கலாகாது. தன் சக்திக்கு எது இயலும் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் முன்கூட்டியே சிந்தித்து, ஒரு பிரிவைத் தெரிந்து, அதற்கேற்பத் தன் வரவு செலவைத் திட்டமிடவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள்.

அக்கல்லூரிகளின் விளையாட்டுக்குப் பணம் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று: பொதுநிதி, மாணவர் செலுத்தும் சிறு கட்டணம், கொடையாளர் உதவி. பெரும் பல்கலைக்கழகங்களைப்போல நுழைவுச்சீட்டு விற்றும் தொலைக்காட்சி உரிமை விற்றும் பொருளீட்ட அவற்றால் இயலாது. ஆதலால் அரசின் கருவூலத்தில் நெருக்கடி தோன்றும்போதெல்லாம், முதலில் வெட்டப்படும் செலவுகளுள் விளையாட்டும் ஒன்றாகிவிடுகிறது. செல்வம் மிக்க அந்நாட்டிலேயே நிலைமை இதுவெனில், ஓராண்டின் நன்கொடையை நம்பி ஓராண்டின் விளையாட்டை நடத்தும் நம் கல்லூரிகளின் கதி யாதாகும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இருந்தும் அவ்வெளிய கல்லூரிகளால் விளைந்த பயன் சிறிதன்று. வீட்டுவேலை செய்து தன் பிள்ளைகளைத் தனியாக வளர்த்த ஒரு தாயின் மகன், கலிபோர்னியாவின் பசடீனா இளநிலைக் கல்லூரியில் சேர்ந்து நீளம் பாய்தலிலும் பந்தாட்டங்களிலும் தேர்ந்து, 1939இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவரே 1947இல் அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டத்தின் நிறத்தடையைத் தகர்த்த ஜாக்கி ரொபின்சன். அதே பல்கலைக்கழகத்தில் பின்னாளில் பயின்றவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பாக உயரம் பாய்ந்த அவர், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப்பதக்கம் பெற்றார். ஆசிய விழாவில் இந்நாடு பெற்ற முதல் தங்கம் அது. இவ்விருவரின் திறமையும் அவரவர்க்கு உரியது. ஆயின் அத்திறமை முதலில் வெளிப்படுவதற்கு வீட்டுக்கு அண்மையில் ஒரு கல்லூரியும், அக்கல்லூரியில் ஒரு மைதானமும், அம்மைதானத்தில் ஒரு பயிற்றுநரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

மலையகத்தின் மைந்தரான முத்தையா முரளிதரனின் பெயரை இவ்விடத்தே எவரும் நினைப்பர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத் தொழிலுக்கென இந்நாட்டுக்கு வந்தவர். டெஸ்ட் ஆட்டங்களில் 800 இலக்குகளை வீழ்த்திய அப்பெருவீரர் பயின்றது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். நல்ல மைதானமும் முறையான பயிற்சியும் நெடுங்காலத் துடுப்பாட்டப் பாரம்பரியமும் உடைய கல்லூரி அது. முரளிதரன் தோன்றினாரே, வசதி எதற்கு என்று வினவுவோர் இவ்வுண்மையைக் கருதவேண்டும். டிரேட்டன், ரொசிட்டா தோட்டங்களில் லயத்து வாசலில் பந்தெறியும் சிறுவனுக்கு அவ்வாய்ப்பு வாய்த்தாலன்றோ, அவனிடத்தே என்ன இருக்கிறதென்று நாம் அறியமுடியும்?

இனி நம் மண்ணுக்கு வருவோம். சமூகக் கல்லூரி என்னும் பெயர் இந்நாட்டுக் கல்வியமைப்பில் வழங்கவில்லை. ஆயினும் உள்ளூர்ப் பிள்ளைகளை உள்ளூரிலேயே உயர்கல்விக்கு ஆளாக்கி, அவர்களை மீண்டும் அதே சமூகத்தின் சேவைக்கு அனுப்பும் பணியைச் செய்யும் ஸ்தாபனங்கள் மலையகத்தில் நம் கொட்டகலைக்கு வாய்த்திருக்கின்றன. ஆசிரியர் கலாசாலை இங்கு உண்டு. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்வழி நாட்டில் தோன்றிய கல்வியியற் கல்லூரிகளின் வரிசையில், ஜெர்மானிய அரசின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் இங்கு உண்டு. அக்கல்லூரிகளில் ஆசிரிய மாணவர் ஈராண்டு விடுதியில் தங்கிப் பயின்று, மூன்றாமாண்டைப் பாடசாலைகளில் உள்ளகப் பயிற்சியாகக் கழிக்கின்றனர். இருபது வயதையொட்டிய இளைஞரும் யுவதியரும் ஈராண்டுகள் இரவும் பகலும் ஓரிடத்தே வாழ்வது எத்துணை அரிய வாய்ப்பு! காலையிலும் மாலையிலும் அவர்களது தேகத்தைப் பயிற்றுவதற்கு அதனினும் உகந்த சந்தர்ப்பம் வேறெங்கும் கிடைக்காது.

நாற்றுமேடையில் ஊறு நேர்ந்தால் மலை முழுவதும் அதன் விளைவு தெரியும் என்பது தேயிலை அறிந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதன்று. ஆசிரியக் கல்லூரி நம் பாடசாலைகளுக்கு அத்தகைய நாற்றுமேடை. அங்கே ஓடவும் பாயவும் எறியவும் முறையாகக் கற்ற ஓராசிரியர், தாம் கணிதம் கற்பிப்பவராயினும் தமிழ் கற்பிப்பவராயினும், தம் சேவைக்காலமெல்லாம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அக்கலையை அளிப்பார். 1920இல் ஹரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதற்குச் சான்று. தாம் பயிற்றிய ஆசிரியர் வாயிலாக இந்தியாவின் பல பகுதிகளின் பாடசாலைகளிலும் உடற்கல்வியைக் கொண்டுசேர்த்த கல்லூரி அது. ஒரு வீரரைப் பயிற்றுவதற்குச் செலவாகும் பணம் ஒரு வீரரோடு நின்றுவிடலாம். ஓர் ஆசிரியரைப் பயிற்றுவதற்குச் செலவாகும் பணம் ஒரு தலைமுறைக்குச் சென்று சேர்கிறது. சிறிய நிதியை எங்கு முதலில் இடுவது என்னும் வினாவுக்கு இதனால் விடை தெளிவாகிறது.

அடுத்து, நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். விளையாட்டுக்குப் பிரதான மூலதனம் பணத்துக்கும் முன்னதாகச் சமதளமான நிலமே. மெய்வல்லுநர் போட்டிக்குரிய 400 மீற்றர் சுவட்டுப்பாதை எட்டு ஓடுவழிகளோடு அமைய, ஏறத்தாழ 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் உள்ள சமநிலம் வேண்டும். அஃதாவது நான்கு ஏக்கர். மலைச்சரிவில் வாழும் நமக்கு நான்கு ஏக்கர் சமநிலம் எளிதிற் கிடைப்பதன்று. உள்ள நிலமும் தோட்ட நிருவாகத்தின் வசத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார்மேல் சுமத்தியது. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒருபடி மேற்சென்று, பாடசாலைக் கட்டடத்தோடும் தலைமையாசிரியர் வீட்டோடும், பயிர்த்தோட்டத்துக்கும் விளையாட்டுக்குமென ஓர் ஏக்கர் நிலத்தையும் ஒதுக்கவேண்டும் என்று விதித்தது. விளையாட்டிடம் தோட்டத்துப் பிள்ளையின் உரிமை என்பது முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆயினும் இன்றைக்கும் எத்தனையோ பாடசாலைகளின் பிள்ளைகள், தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்திலும் கொழுந்து லொறி செல்லும் பாதையிலும் ஓடிப் பழகுவதை நாம் காண்கிறோம். பெரட்டுக்களத்தில் ஓடிப் பழகிய பிள்ளை, வலய மட்டப் போட்டியில் முதன்முறையாக வளைவுப் பாதையைக் காணும்போது, தன் ஓடுவழியை விட்டு விலகித் தகுதி இழப்பதில் வியப்பில்லை.

மலைச்சரிவைச் சமப்படுத்தி மைதானமாக்குவது இயலாத காரியம் என்பாரும் உளர். அவர்கள் ரதல்லையில் திம்புள்ள கழகத்தின் மைதானத்தையும், தரவளையில் டிக்கோயா மஸ்கெலியா கழகத்தின் மைதானத்தையும் சென்று காணவேண்டும். வெள்ளைத் துரைமார் தம் பொழுதுபோக்குக்கென அமைத்துக்கொண்ட அவ்விடங்களில் அன்று றக்பியும் துடுப்பாட்டமும் ஆடப்பட்டன. மலை அதற்குத் தடையாக நிற்கவில்லை. வேண்டும் என்ற விருப்பமும், அதற்குரிய செலவைச் செய்யும் அதிகாரமும் ஒருவரிடத்தே இருந்தால் மலையும் சமதளமாகும் என்பதே அவை தரும் பாடம். நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரால் அமைந்த மைதானமும் ஹட்டன் டன்பார் மைதானமும் இன்று நம் மக்களுக்குக் கிட்டியுள்ளன. ஆயின் ஒவ்வொரு கல்லூரியும் அவற்றுக்குப் பேருந்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்று நாள்தோறும் பயிற்ற இயலாது. அழைத்துச் செல்லும் வண்டிக்கூலியே விளையாட்டுக்கென ஒதுக்கிய சிறு தொகையை விழுங்கிவிடும். ஆகவே கல்லூரியின் எல்லைக்குள் உள்ள நிலத்தைச் சீர்செய்து, தென்மேற்குப் பருவ மழை வழிந்தோட முறையான வடிகால் அமைத்து, சரிவு பெயராமல் தாங்குசுவர் எழுப்புதல் விளையாட்டு நிதியின் முதற் கடமை. வடிகாலற்ற மைதானம் வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சேறாகிக் கிடக்குமாயின், அதில் இட்ட பணமெல்லாம் அரையாண்டுக்கு மேல் பயன்படாது.

நிலத்துக்கு அடுத்தது சரீரம். 2016ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இன்றி வளர்ச்சி குன்றியோர் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டத்துறையில் மட்டும் அத்தொகை நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த இக்குறையைச் சுமந்துகொண்டு வரும் பிள்ளையை, இருபது வயதில் திடீரென்று மைதானத்தில் இறக்கி, பதக்கம் கொண்டுவா என்று ஏவுவது தர்மமாகாது. ஆகவே நம் கல்லூரிகளின் விளையாட்டுக் கணக்கில் வெள்ளிக் கேடயத்துக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னதாக முட்டையும் பாலும் பயறும் இடம்பெற வேண்டும். அதன்பின் சப்பாத்து. 2021ஆம் ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டிற்று. அதன்பின் உயர்ந்தபோதிலும், 2022இன் நாணய வீழ்ச்சிக்குப்பின் இறக்குமதிப் பொருள்களின் விலையும் உயர்ந்துவிட்டது. ஓட்டத்துக்கென முள்வைத்த ஒரு சோடிச் சப்பாத்து வாங்க ஒரு தாய் பல நாள் கொழுந்து பறிக்கவேண்டும். அச்சுமையை அத்தாயின் முதுகிலிருந்து இறக்கிக் கல்லூரியின் பொதுக்கணக்கில் ஏற்றுவதே நிதி என்பதன் நியாயம்.

இப்பணத்தை எவ்வாறு திரட்டுவது? தலைநகரத்திலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பழம்பெருங் கல்லூரிகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் பெருந்துணையாக நிற்கின்றன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடைபெறும் துடுப்பாட்டப் பெருஞ்சமருக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் பழைய மாணவர் உதவுகின்றனர். மலையகத்தில் அத்தகைய செல்வம் திரளவில்லை என்பதற்குச் சரித்திரக் காரணங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென விதித்துக் குடும்பங்களைப் பிரித்தது. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளின் வாசலில் நின்றுவிட்டது. 1970களில் அரசு அவற்றை ஏற்கும்வரை அவை தோட்டத்தின் தயவிலேயே கிடந்தன. உயர்கல்வி பெற்ற தலைமுறை நம்மிடையே தோன்றிச் சில தசாப்தங்களே ஆகின்றன. ஆகவே பிற கல்லூரிகளின் வழியை அப்படியே நாம் பின்பற்ற முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆயினும் நம் மக்களிடத்தே பிறிதொரு வழக்கம் ஆழ வேரூன்றியிருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒவ்வொரு தொழிலாளியும் தன் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்; செல்வந்தர் ஒருவரின் தயவை எதிர்பாராமல், அனைவரின் சிறு பங்கால் திருவிழா ஆண்டுதோறும் தவறாமல் நடைபெறுகிறது. வறுமையிலும் இவ்வேற்பாடு தளரவில்லை. ஆசிரியராகவும் அலுவலராகவும் வணிகராகவும் உயர்ந்துவிட்ட இன்றைய தலைமுறை, இதே வழக்கத்தைக் கல்லூரியின் விளையாட்டு நிதிக்கும் விரிக்கலாம். இக்கல்லூரிகளில் பயின்று இன்று மாதச்சம்பளம் பெறும் ஆயிரம் பேர் மாதம் நூறு ரூபா தருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் பன்னிரண்டு இலட்சமும் ஐந்தாண்டுகளில் அறுபது இலட்சமும் சேரும். முதலைத் தொடாமல் வைப்பிலிட்டு, நூற்றுக்கு எட்டு வீதம் வட்டி கிடைக்குமாயின், ஆண்டுக்கு நான்கு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா வரும். அதிற் பாதியை முதலோடு சேர்த்துவிட்டு மறுபாதியைச் செலவிடுவதே விவேகம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியதை நாம் கண்டோம். வட்டி முழுவதையும் செலவிடும் அறக்கட்டளை, அத்தகைய காலத்தில் பெயரளவில் நிலைத்து, பயனளவில் கரைந்துபோகும். மிஞ்சும் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் பெருந்தொகையன்று. ஆயின் அது கேளாமல் வரும் தொகை, ஆண்டுதோறும் தவறாமல் வரும் தொகை. அதனை நம்பி ஒரு பயிற்றுநர் மூன்றாண்டுத் திட்டம் வகுக்கலாம்.

இந்நிதி அரசின் கடமையை அரசிடமிருந்து நீக்குவதற்கன்று என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிலமும் கட்டடமும் ஆசிரியர் நியமனமும் அரசின் பொறுப்பு. அதனைக் கேட்டுப் பெறுதல் நம் உரிமை. அன்றாட உணவு, உபகரணம், பயணம், சிகிச்சை ஆகியவற்றுக்கு நம் நிதி துணைநிற்கலாம்.

நிதி சேர்ப்பதினும் கடினமானது அதன்மேல் நம்பிக்கை சேர்ப்பது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, அரசின் மாணவர் உதவியைப் பெற்று விளையாட்டு அணிகளை நடத்தும் இருபாற் கல்லூரிகள் யாவும், ஆண் பெண் என்னும் இருபாலாருள் எத்தனை பேர் விளையாடினர், ஒவ்வொரு பாலாருக்கும் எவ்வளவு செலவாயிற்று, வருவாய் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். சிறிய சமூகக் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. அத்தகைய சட்டம் நமக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு தாள் போதும்: வந்த தொகை, சென்ற தொகை, விளையாடிய மாணவர், விளையாடிய மாணவியர். பெண்பிள்ளைகளைப் பற்றிய அக்கடைசி எண்ணை நான் வற்புறுத்திக் கூறுகிறேன். நம் ஆசிரியப் பணியில் பெண்கள் பெருந்தொகையினர். தேயிலை மலையை நூறாண்டுக்கு மேலாகத் தாங்கி நிற்பதும் பெண்களின் கரங்களே. அவர்களின் புதல்வியர் வலைப்பந்தாட்டத்தோடு நிறுத்தப்பட்டு, நெடுந்தூர ஓட்டமும் ஈட்டி எறிதலும் உதைபந்தாட்டமும் அவர்களுக்கு ஆகாதவை என்று விலக்கப்படுவது அநீதி. செலவுக் கணக்கு வெளிவருமாயின் அவ்வநீதி எண்ணாக நம் கண்முன் நிற்கும். எண்ணாக நிற்பதைத் திருத்துவது எளிது.

பதக்கம் ஒன்றையே விளையாட்டின் பயனாகக் கொள்வோர்க்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் முந்நூறு பேர் பயில, பன்னிருவர் மட்டும் ஓடி, மற்றையோர் கைதட்டிக் கலைவராயின், அவ்விளையாட்டுத் திட்டம் தோல்வியுற்றதென்றே நான் கொள்வேன். அப்பன்னிருவரும் அகில இலங்கைக் கேடயத்தைக் கொண்டுவந்தாலும் என் தீர்ப்பு மாறாது. முந்நூறு பேரும் கிரமமாக ஓடிப் பழகி, ஒரு பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியைத் தாமே நடத்தும் அறிவும் ஆற்றலும் பெற்று வெளியேறுவராயின், ஒரு பதக்கமும் இல்லாமலே அத்திட்டம் வெற்றி பெற்றுவிட்டது. ஏனெனில், அவர்கள் செல்லும் பாடசாலைகளில்தான் நம் பதக்கங்கள் இன்னும் பெயரறியாத பிள்ளைகளாக அமர்ந்திருக்கின்றன.

அன்பர்களே, இச்சபையிலிருந்து நீங்கள் எழுந்து செல்லுமுன் உங்களிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். கல்லூரிகளை நடத்துவோர், இவ்வாண்டின் விளையாட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதி மாணவர் காண வைக்கவேண்டும். மக்கள் பிரதிநிதிகள், பாடசாலைக்கும் கல்லூரிக்கும் உரிய விளையாட்டு நிலத்தை அளந்து, எல்லையிட்டு, எழுத்தில் கையளிக்கும் பணியை முடிக்கவேண்டும். இக்கல்லூரிகளில் பயின்று இன்று மாதச்சம்பளம் பெறும் ஒவ்வொருவரும் மாதம் நூறு ரூபாவை விளையாட்டு நிதிக்கென எழுதிவைக்க வேண்டும். முதற்பெயராக என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பெயர் உங்களுடையதாகட்டும்.